பொய் வெளிச்சம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, என் தொழிலுக்கு அது பொருத்தம்தான். கும்மிருட்டில் ஒரு துளி வெளிச்சம் விழுந்தாலும் திடுக்கிட்டு எழுகிற கருவியைச் செய்வது என் வேலை. அப்படிப்பட்ட கருவியோடு வருஷக்கணக்கில் பழகுகிறவன் திடுக்கிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. கருவிக்கு முன்னாலேயே நான் இப்படித்தான் என்பாள். பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டு நாய் குரைத்ததும் நான் என் மாமனாருக்குப் பின்னால் போய் நின்றதை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நட்சத்திரம் மினுங்குவதை எல்லோரும் ரசிக்கிறோம். தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த மினுங்கல்தான் சனியன். நட்சத்திரம் சும்மாதான் இருக்கிறது, இடையில் இருக்கும் காற்று அலைகிறது. தாமிரபரணியில் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் நெளியுமே, அது மாதிரி. இந்த நெளிவைச் சரிசெய்யத் தொலைநோக்கிக்குள் வளைந்துகொடுக்கும் கண்ணாடி ஒன்றை வைக்கிறார்கள். காற்று ஒளியை எந்தப் பக்கம் வளைத்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் கண்ணாடியை வளைத்துவிட்டால் பிம்பம் நேராகிவிடும். ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இதைச் செய்தாக வேண்டும். இப்போது எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று கண்ணாடிக்குச் சொல்ல, மங்கலான நட்சத்திரத்தின் ஒளியையும் துளித் துளியாக எண்ணிச் சொல்லும் கண் ஒன்று வேண்டும். அந்தக் கண்ணைத்தான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் தரைத்தளத்தில் நானும் என் ஆய்வு மாணவியும் செய்துகொண்டிருந்தோம். வடக்கே ஒரு மலை உச்சித் தொலைநோக்கியில் வைத்துப் பார்க்க, அங்கே உள்ளவர்கள் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

கண் என்றால் விரல்நகம் அளவுள்ள ஒரு சிப். அதன்மேல் மெல்லிய உலோகப் படலத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள். இந்த உலோகத்தைக் குளிர வைத்து, குளிர வைத்து, இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மின்சாரம் அதில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். மீகடத்தி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த நிலையில் ஒவ்வொரு சின்னக் கண்ணும் தனக்கென்று ஒரு சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். ஒரு துளி ஒளி விழுந்தால் அந்தச் சுருதி ஒரு நொடிப்பொழுது இறங்கி ஏறும். இறங்கியதைக் கேட்டுத் துளி விழுந்தது என்று எழுதிக்கொள்வோம். ஒளி விழாமலே சுருதி இறங்கினால் அதற்கு எங்கள் ஆய்வகத்தில் பெயர் பொய் வெளிச்சம். பொய் வெளிச்சம் அதிகமானால், இல்லாத காற்றலைவுக்குக் கண்ணாடி வளையும், நட்சத்திரம் இன்னும் கோணிப்போகும்.

சிப்பைக் குளிர வைக்கும் கலத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற பாத்திரம் போல இருப்பதால் நாங்கள் அண்டா என்போம். அண்டாவைக் குளிர வைக்கும் கம்ப்ரசர் இராப்பகலாக ஓடும். ஓடினால் அதிரும். அதிர்ந்தால் சின்னக் கண்கள் எல்லாம் தூக்கம் கெட்டவர்கள் மாதிரி தாறுமாறாக முனகும். போதாததற்கு ஜல்லி லாரிகள் வேறு கல்லூரி வாசல் வழியாகத்தான் போகும். கம்ப்ரசரைச் சுற்றியும் அண்டா நிற்கிற மேசைக் கால்களைச் சுற்றியும் மணல் மூட்டைகளை அடுக்கினால் அதிர்வு அடங்கும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த காரியம். ஆனால் மணலுக்கு எங்கே போவது? ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, அதில் ஒரு சட்டி மணல் அள்ளினாலும் குற்றம். அள்ளக் கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம். அள்ளினால் யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயமும் உண்டு.

மணலைக் கொண்டுவந்து தந்தவர் என் தங்கையின் வீட்டுக்காரர். கூடங்குளத்துக்கும் உவரிக்கும் நடுவில் கடலை ஒட்டிய ஊர் அவருடையது. அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத்துக்குக் குழாய் வேலை செய்கிறார். வேலை இல்லாத நாளில் சின்ன லோடு ஆட்டோ ஒன்றை ஓட்டுவார். அப்போது என் தங்கை மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று நான்காம் மாதத்தில் போனது, இன்னொன்று ஐந்தில். அதனால் இந்தத் தடவை பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் மாதம் தவறாமல் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தோம். மாப்பிள்ளை அவளை முன்னால் உட்கார வைத்து, குழி விழுந்த சாலையில் பைய ஓட்டிக்கொண்டு வருவார். பின்னால் வண்டி சும்மாதானே வருகிறது, வீட்டுக் கொல்லையில் கழிவுத்தொட்டிக்கு வெட்டின குழி மண் மலையாகக் கிடக்கிறது, நாலு மூட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அந்தப் பக்கத்தில் எங்கே வெட்டினாலும் கடல் மணல்தான்.

முதல் நடை மூட்டைகளை அடுக்கியதும் அதிர்வு பாதி அடங்கிவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மாதாமாதம் இன்னும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் மாப்பிள்ளை என்று நானே கேட்டேன். அவரும் கொண்டுவந்தார். டாக்டரிடம் காட்டிவிட்டு எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அதன்பிறகு ஆய்வகத்தில் மூட்டை இறக்கல் என்பது வழக்கமாகிப்போனது. தங்கை அங்கே வரமாட்டாள். அந்த அறையில் காற்றாடிச் சத்தமும் பம்ப் சத்தமும் கேட்டால் தனக்கு மசக்கை திரும்ப வருகிறது என்பாள்.

அதிர்வு அடங்கிய பிறகுதான் அந்தத் திடுக்கிடல்களைப் பார்த்தோம். ஒளி விழுந்தால் ஒரு கண் மட்டும்தான் இறங்கும். இங்கே திடீர் திடீரென்று எல்லாக் கண்களும் ஒரே சமயத்தில் இறங்கின. மாணவிக்கு அதற்கு விளக்கம் இருந்தது. முன்பும் இது இருந்திருக்கும், அதிர்வுச் சத்தத்தில் நமக்குத் தெரியவில்லை, இப்போது அமைதியானதும் தெரிகிறது என்றாள். நியாயமான பேச்சுத்தான். எல்லாக் கண்களும் ஒரே நேரத்தில் திடுக்கிட வேண்டும் என்றால் வேகமான துகளோ கதிரோ சிப்பை ஊடுருவி அடித்திருக்க வேண்டும். வானத்திலிருந்து அப்படி எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லா ஊரிலும் எல்லார் தலையிலும் விழுகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டோம்.

அடுத்த மாதம் அது கூடியது. அதற்கு அடுத்த மாதம் இன்னும் கூடியது. வானத்திலிருந்து வருவது மாதாமாதம் கூடிக்கொண்டே போகாது.

எர்த் இணைப்பைப் பார்த்தோம், கம்பிகளை மாற்றினோம், அறையில் இருந்த விளக்கை எல்லாம் கழற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. எந்தெந்த நாளில் கூடியது என்று ஒருநாள் திரையில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு சமமாகப் போகிறது, திடீரென்று ஒரு படி ஏறுகிறது, மறுபடி சமமாகப் போகிறது, மறுபடி ஒரு படி. ஒவ்வொரு படியும் எந்த நாள் என்று பார்த்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் வந்துபோன நாட்கள் அவை. அவள் ஆய்வகத்துக்குள் வந்ததே இல்லை. வந்தவர் அவர்.

அவர் வேலை செய்கிற அணுமின் நிலையம் எனக்கு அந்த விநாடி வரை சம்பளம் தருகிற ஓர் இடமாக மட்டும்தான் இருந்தது. அதன்பிறகு அது வேறாகிவிட்டது. ஏதோ ஒன்று அவருடைய சட்டையிலோ செருப்பிலோ தலைமுடியிலோ ஒட்டிக்கொண்டு வருகிறது, வந்த இடத்தில் உதிர்ந்து தங்கிவிடுகிறது என்று என் பயம் ஒரு கதையைக் கட்டியது. அறிவு எதிர்த்துப் பேசாமல் இல்லை. வெளியே வருகிற ஒவ்வொருவரையும் அங்கே மீட்டர் வைத்துச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள், அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அறிவு சொன்னதைப் பயம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, பிறகு தன் கதையைத் தொடர்ந்தது. இவ்வளவு தூரத்தில், மாதம் ஒரு மணி நேரம் நின்று போகிற இடத்திலேயே இப்படி என்றால், அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் கதி என்ன? அவர் பக்கத்தில் படுக்கிறவள் கதி என்ன? அவள் வயிற்றில் இருப்பதன் கதி என்ன?

கதிர்வீச்சு அளக்கிற மீட்டர் ஒன்றை எங்கிருந்தாவது கேட்டு வாங்கலாம் என்று மாணவி சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் இயற்பியல் வாத்தியார் ஒருவர் அந்த மீட்டரைக் கேட்டு அலைகிறார் என்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் டீக்கடைகளில் செய்தி வேறாகியிருக்கும், மறுநாள் கடற்கரை ஊர்களில் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிவிடுவார்கள் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. மீட்டர் வந்தால் அதில் ஓர் எண் வந்துவிடும். எண் வராதவரை நான் பயப்பட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

அடுத்த தடவை மாப்பிள்ளை வந்தபோது மூட்டை போதும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார். அதனால் கொண்டுவந்ததை இறக்கி அடுக்கச் சொன்னேன். வீட்டில் அவருக்குச் சாப்பாடு போட்டோம். அவர் எழுந்து போனதும் ஈரத்துணி எடுத்து நாற்காலியைத் துடைத்தேன், கால் வைத்த இடத்தைத் துடைத்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாயைக் கண்டு ஒளிந்ததைச் சொல்லிச் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை. நம்ம ஊரில் ஒருத்தர் எழுந்து போன நாற்காலியைத் துடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமா, சம்பந்தம் பண்ணின வீட்டில் இதைச் செய்யலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்களில் வழக்கம்தான், ஆனால் அது ஒன்பதாம் மாதத்தில். அம்மா இல்லாததால் தாய்வீடு என்பது நானும் என் மனைவியும்தான். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். பிரசவம் வரைக்கும் இங்கேயே இருந்துவிடு என்றேன். அலைச்சல், சாலை மோசம், டாக்டர் பக்கம் என்று காரணங்களை அடுக்கினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"காரணம் இது இல்ல. என்னத்துக்குன்னு சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவர் துணியிலோ உடம்பிலோ ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். எங்கள் கருவி திடுக்கிடுவதைச் சொன்னேன், அவர் வந்துபோன நாட்களைச் சொன்னேன்.

"உனக்குத் தெரியுமா, இல்ல தோணுதா?"

"தோணுது."

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தாள். அவர் சட்டைகளைக் கல்லில் அடித்துத் துவைக்கிற கைகள். பிறகு அவற்றைச் சேலையில் துடைத்தாள், துடைத்த இடத்தையும் பார்த்தாள். முகத்தில் நிறமே இல்லை. நான் இத்தனை நாள் தனியாகச் சுமந்த பயத்தை அப்படியே தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் இருந்துவிட்டாள். அலையக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவரிடம் சொன்னோம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தார். அவித்த பனங்கிழங்கு கொண்டுவருவார், கருப்பட்டி கொண்டுவருவார். அவள் எட்டத்தில் உட்கார்ந்து பேசுவாள். ஒருநாள் அவள் வயிற்றில் கை வைக்க வந்தார், அவள் உடம்பு தன்னால் பின்னால் போனது. அவர் கையை எடுத்துக்கொண்டார். கொண்டுவந்த பனங்கிழங்கை யாரும் தொடவில்லை. திரும்பிப் போகும்போது என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார்.

"மச்சான், நான் எதுவும் தப்பா நடந்துக்கிட்டனா? சொன்னாத்தானே எனக்குத் தெரியும்" என்றார்.

ஒன்றுமில்லை மாப்பிள்ளை, வயிற்றுப்பிள்ளைக்காரி, ஏதோ மனசு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். அன்று வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. என் பயம் மட்டும் நிஜமாகிவிட்டால், இதையெல்லாம் செய்தது சரி என்றாகிவிடும். அது நிஜமாக வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேனோ என்று கேட்டுக்கொண்டேன். அதற்கும் பயந்தேன்.

அடுத்த வாரம் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. பிரித்துப் பார்க்க ஆள் உள்ளே போக வேண்டும், சுற்றிலும் மூட்டைகள். மாணவியும் நானும் எல்லா மூட்டைகளையும் இழுத்துத் தாழ்வாரத்தின் கடைசியில் போட்டோம். கம்ப்ரசரைச் சரிசெய்து அண்டாவை மறுபடி குளிர வைத்தோம். மூட்டைகளைத் திரும்ப இழுத்துவர இருவருக்குமே இடுப்பில் தெம்பில்லை. அதிர்வோடேயே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்றாள் மாணவி. நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மூட்டைய வெளிய போட்டதும் கொறஞ்சிட்டு சார்" என்றாள்.

அதிர்வின் இரைச்சலில் சின்னது தெரியாமல் போகலாம். ஆனால் பெரிய திடுக்கிடல்கள் இரைச்சலுக்கு மேலேயும் நன்றாகத் தெரியும். அவையும் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. நான் தாழ்வாரத்துக்குப் போய் ஒரு மூட்டையை இழுத்துவந்து அண்டாவின் அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்கள் திடுக்கிட ஆரம்பித்தன. இன்னொன்றை வைத்தேன், கூடியது. எடுத்தேன், குறைந்தது. மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு பிடி மணலை வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போல வெள்ளை, மாதுளை முத்து போலச் சிவப்பு, மை போலக் கறுப்பு. நடுநடுவே தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள்.

தாது மணல் என்று அந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்த விஷயம்தான் அது. தேன் நிற மணிகளின் பெயர் மோனசைட், அதற்குள் இருப்பது தோரியம், தன்னால் கதிர் வீசுகிற உலோகம். எந்த நிலையமும் வருவதற்கு முன்னால், எந்த மனுஷனும் வருவதற்கு முன்னால், மலைகள் கரைந்து ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டியதைக் கடல் சலித்துக் கரையில் ஒதுக்கியிருக்கிறது. பரீட்சையில் கேட்டால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். ஒவ்வொரு படி ஏறிய நாளிலும் மாப்பிள்ளையோடு சேர்ந்து மூட்டையும் வந்தது. நான் மூட்டையை விட்டுவிட்டு மனுஷனைப் பார்த்தேன்.  

அவரை அன்றே வரச் சொன்னேன். தங்கையையும் மனைவியையும் வைத்துக்கொண்டு, என்ன நினைத்தேன், ஏன் நினைத்தேன், இப்போது என்ன கண்டோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். 

"அப்ப எஞ் சட்டையில ஒண்ணுமில்ல."

"இல்ல மாப்பிள்ளை."

"நாற்காலியிலயும் இல்ல."

அவர் அன்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.  அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீட்டர் ஒண்ணு வாங்குங்க, வீட்டையும் பாத்துருவோம் என்றார். அப்போதுதான் எனக்கு இன்னொரு பயம் எழுந்தது. மூட்டை மண் கொல்லைக் குழியிலிருந்து வந்தது. கொல்லை மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது.

இந்தத் தடவை மீட்டரை யாரிடமும் ஒளிக்காமல் கேட்டு வாங்கினேன். மணலைச் சோதிக்க என்று உண்மையைச் சொன்னேன். டீக்கடையில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் வண்டியிலேயே போனோம். தங்கையும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டாள். முதலில் அவருடைய வேலைச் சட்டையைத் திண்ணையில் விரித்து அளந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் இருப்பதைவிட ஒன்றும் கூடுதல் இல்லை. குழி மண்ணுக்குப் போனதும் மீட்டர் விடாமல் தட்ட ஆரம்பித்தது. முற்றத்திலும் தட்டியது. சிமெண்டுத் தரை போட்ட படுக்கையறையில் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மீன் கழுவிக்கொண்டே, என்ன அது, தங்கம் தேடுதியளா என்று கேட்டாள்.

இந்த அளவு கதிர்வீச்சால் உடம்புக்குக் கெடுதல் வந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இந்த மண்ணில் எத்தனையோ தலைமுறை பிறந்து வாழ்ந்து கிழமாகித்தான் செத்திருக்கிறது. இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மீட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதை வாங்கித் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அறையில் தட்டிய அதே அளவில்தான் அங்கேயும் தட்டியது.

"மொத ரெண்டும் இதனாலதான் போச்சா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை வாசலில் நின்றார். இல்லை என்று சொல்லிவிடலாம், சொல்வதற்கு நியாயமும் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லன்னுதான் நெனைக்கேன். ஆனா எனக்குத் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மீட்டரை என் கையில் திருப்பித் தந்தாள். பிரசவம் வரை எங்களோடேயே இருந்துவிடு என்று கெஞ்சினேன். இப்போது காரணம் பொய்யில்லையே என்றேன்.

"ஊரு மொத்தமும் இதுலதான் கெடக்கு. எல்லாரும் இதுலதான் பெத்து வளக்காவ. நான் எங்கன போவேன்? ரெண்டு தடவ பயந்து முடிச்சாச்சுண்ணே. எங்கிட்ட இனி பயம் மிச்சமில்ல. நீ வேணா பயந்துக்கோ" என்றாள். அவர் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நகரவில்லை.

மூட்டைகளுக்குப் பதிலாக இரும்புத் தகடுகளை அடுக்கினோம். கண் அடங்கியது, தொலைநோக்கிக்குப் போனது. மங்கலான ஒரு நட்சத்திரம் நெளியாமல் நின்ற படத்தை அங்கிருந்து அனுப்பினார்கள். மாணவி அதைப் பெரிதாக்கி ஆய்வகச் சுவரில் ஒட்டினாள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரவேண்டிய பெருமை வருவதில்லை.

பெண் குழந்தை. குறையொன்றும் இல்லாமல் பிறந்தது. தாய்மாமன் என் மடியில் வைத்துக் காது குத்தினோம், ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். ஆனாலும் அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஒரு இருமலுக்குக்கூட ஃபோன் போட்டுவிடுவேன். இப்போது நடக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது முற்றத்தில் உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளி ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையும் நானும் வாசற்படியில் இருந்தோம். பேசிக்கொண்டே இருக்கும்போது குழந்தை ஒரு பிடி மணலை எடுத்து வாயில் போட்டது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"விடுண்ணே, துப்பிரும்" என்றாள் தங்கை. அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. குழந்தை எங்களைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டு யோசித்தது, பிறகு சப்புக்கொட்டித் துப்பியது. தாடையெல்லாம் எச்சிலும் மணலுமாகச் சிரித்தது. நான் உட்காரப் போனபோதுதான் கை வலித்தது. குனிந்து பார்த்தேன். என் மணிக்கட்டைத் தங்கையின் கை இறுகப் பிடித்திருந்தது, விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. குழந்தை துப்பிய பிறகும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.